முறை போட்டுப் படித்தவர்கள்

பன்னிரண்டு சான்றிதழ்கள் மேசைமேல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் 'பயிற்றுநர்' என்ற சொல்லுக்கு மேலே ஒரு வெற்றிடம். அங்கேதான் சகாயமேரி கையெழுத்துப் போட வேண்டும்.

"இன்னிக்கே ஏஜெண்டுக்கு அனுப்பியாகணும்மா," என்றார் ராஜேந்திரன். சுரங்கத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்குத்து என்ற ஊரில் ஒரு மொபைல் கடைக்கு மேலே இந்தப் பயிற்சி நிலையத்தை நடத்துகிறார். மொசாம்பிக் நிலக்கரிச் சுரங்கத்துக்கு டம்பர் லாரி ஓட்டப் போகிறவர்கள் அறுபது வகுப்பு போர்த்துகீசியம் படித்திருக்க வேண்டும் என்பது ஏஜெண்டின் நிபந்தனை.

சகாயமேரி கணவரோடு ஆறு வருடம் அங்கே இருந்தவள். சந்தையிலும் கோயில் பாடகர் குழுவிலும் பழகி அந்த மொழியைக் கற்றவள்.

"ஒருவாட்டி வாசிக்கச் சொல்லிட்டுப் போட்டுடறேன் சார்."

பன்னிரண்டு பேரும் ஒன்றாக வந்திருந்தது அன்றைக்குத்தான். எல்லோரும் உள்ளூர்ச் சுரங்கத்தில் ஒரே காண்ட்ராக்ட் கேங்கு. மாலை வகுப்புக்கு மூன்று பேருக்கு மேல் வந்ததில்லை. மற்றவர்கள் ஷிப்டில் இருப்பதாகவும், அவள் வகுப்பைப் பதிவு செய்து காலையில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதாகவும் ராஜேந்திரன் சொல்லியிருந்தார். அவளும் நம்பினாள்.

கரும்பலகையில் Não avançar என்று எழுதினாள். முன்னே போகாதே. அங்கே சுரங்கத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும் சொல்.

இருப்பவர்களில் மூத்தவர் சிங்காரவேல் எழுந்தார். "நாவோ அவன்கார்."

"c-க்கு அடியில என்னண்ணே இருக்குது?"

"வால் மாதிரி ஏதோ. சாக்பீஸு இழுத்துகினு வந்துடுச்சோன்னு பாத்தேன் டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த வாலுக்காக இரண்டு மாலைகள் தொண்டை வறளக் கத்தியிருந்தாள். a, o, u-வுக்கு முன்னால் வெறும் c வந்தால் 'க'. வால் போட்டு ç என்று எழுதினால் 'ஸ'. e, i வந்தால் வாலே வேண்டாம், c தானாக 'ஸ' ஆகிவிடும். ஆகவே இது 'அவன்ஸார்'.

"அறிவழகன், நீ படி."

"அவன்கார். வால் பாடமெல்லாம் ஜெயப்பிரகாஷ் செட்டுங்க டீச்சர்," என்றான் அவன், கூச்சமே இல்லாமல். "எங்க செட்டுக்கு நம்பரு. நூறு வரைக்கும் கேளுங்க, கடகடன்னு சொல்றேன்."

"செட்டா?"

அறிவழகன் விளக்கினான். கேங்கில் ஒருவன் வராவிட்டால் அவன் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேஸ்திரி மஸ்டர் என்கிற வருகைப் பதிவில் எல்லோருக்கும் டிக் போட்டுவிடுவார். வகுப்பையும் அப்படியே முறை போட்டுப் பிரித்திருந்தார்கள். செட்டுக்கு மூன்று பேர், நான்கு செட்டு. வந்த செட்டு வருகைப் பதிவில் பன்னிரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடும், பஸ்ஸில் மற்றவர்களுக்குச் சொல்லும். சொன்னது தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் ஏறும். வால் அங்கே ஏறவேயில்லை.

"அப்ப காலையில ரெக்கார்டு போட்டுக் காட்டுனது?"

"ரெக்கார்டா? காலையில இங்க பூட்டுல்ல தொங்கும்!"

சகாயமேரி ராஜேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சான்றிதழ்களின் ஓரத்தைத் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒரு வாலுக்கா இவ்வளவு கோவம்? அங்க போனா பத்து நாள்ல தானா வந்துடும்."

"அந்தப் பத்து நாள் யாரு சார் உயிரோட வச்சிருப்பா?"

ஜார்க்கண்டிலிருந்து வந்த டிரைவர் ஒருவருக்காக அவள் அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். வாக்கிடாக்கியில் மூன்று தடவை 'நாவ் அவன்ஸார்' என்று கத்தியிருக்கிறார்கள். அவர் டம்பரை நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னதை அந்த டிரைவரின் மனைவிக்குத் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னவள் இவள்தான். அவருடைய பைலிலும் இப்படி ஒரு சான்றிதழ் இருந்தது. அதன் அடியிலும் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு கோடு கிழித்தாள். "எல்லாரும் அந்தச் சுவரு கிட்டப் போங்க. என்னப் பாத்து நடந்து வாங்க. நான் சொல்றதக் கேட்டு நடந்துக்கங்க." சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். "வாக்கிடாக்கில மூஞ்சி தெரியாது."

செருப்புச் சத்தம் நெருங்கியது. "நாவ் அவன்ஸார்!" என்றாள், அங்கே சொல்கிற வேகத்திலேயே.

திரும்பிப் பார்த்தாள். ஜெயப்பிரகாஷும் அவன் செட்டு ஆட்கள் இருவரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். ஒன்பது பேர் கோட்டைத் தாண்டி வந்திருந்தார்கள். சிங்காரவேல் அவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"வளையமாதேவில சுரங்கத்துக்கு நெலம் போச்சு டீச்சர்," என்றார் அவர். "வேல பெர்மனெண்டும் ஆவல. இதையும் நீங்க நிறுத்துனா எப்பிடிங்க?"

"நிறுத்தத்தான் சொன்னேண்ணே. நீங்கதான் நிக்கல."

பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "ஜெயப்பிரகாஷுக்கும் போட மாட்டேன். அவனுக்கு நம்பரு தெரியாது."

"அப்ப நாளையிலேர்ந்து நீ வராதேம்மா," என்றார் ராஜேந்திரன்.

"வரமாட்டேன் சார். ஆனா இவங்களுக்கு வகுப்பு உண்டு. மாதா கோயில் வளாகத்துல, மொதல் ஷிப்டு முடிஞ்சதும். ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் வந்தா செருப்பு பிஞ்சிடும், சொல்லிட்டேன்."

மறுநாள் நாலு மணிக்கு மாதா கோயில் வேப்பமரத்தடியில் ஏழு பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சிங்காரவேல் முன்னால் இருந்தார்.

"மத்தவங்க எங்கண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். "அஞ்சு பேருக்கும் ஏஜெண்டுக்குப் பேப்பரு போயிடுச்சு டீச்சர். ராத்திரியே சாரு வேற யாரையோ வச்சுக் கையெழுத்து வாங்கிட்டாரு."

சகாயமேரி போனை எடுத்தாள். அந்த ஐந்து பேரின் நம்பரையும் கேட்டு வாங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். நாலு பேர் எடுக்கவில்லை. ஐந்தாவதாக அறிவழகன் எடுத்தான்.

"ஹலோ, டீச்சரா?"

"நாவ் அவன்ஸார்," என்றாள். "சொல்லு. நீ சொல்றவரைக்கும் போனை வைக்க மாட்டேன்."