லவனுக்கு ஜனகர் என்ன முறை?

என்னை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எடப்பாடியில் முப்பது வருஷம் தமிழ் வாத்தியார், ஒருத்தர் காசுக்கும் ஆசைப்படாதவன். எல்லாம் சரி. எண்பத்திரண்டு ஆவணியில் நான் செய்ததை அவர்களுக்கு யார் சொல்வது?

எங்கள் படிப்பு மன்றம் நிதி திரட்ட ஒரு வினாடி வினா வைத்தது. கல்யாண மண்டபத்தில், ஞாயிறு சாயங்காலம், டிக்கெட் போட்டு. விதிகளை எழுதியவன் நான். ஜெயிக்கிற அணி எந்தக் காரியத்தைச் சொல்கிறதோ, வசூல் முழுவதும் அதற்கு. முதலில் சொன்ன சொல்தான் விடை, திருத்தக்கூடாது. பெரிய கொம்பன் மாதிரி எழுதினேன்.

கடைசியில் இரண்டு அணிகள் மிஞ்சின. ஒன்று சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து காரில் வந்த கிளப்காரர்கள். அவர்களுக்குத் தங்கள் கிளப்பில் ஒரு மேடை கட்ட வேண்டுமாம். எதிரில் எங்கள் ஊர்ச் சௌந்திரம். என்னிடம் படித்தவள், விசைத்தறி ஓட்டுகிறவள். புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். ஆறு வயது மகள் ராசாத்திக்கு இருதயத்தில் ஓட்டை. தைக்குள் மெட்ராசில் ஆபரேசன் செய்யாவிட்டால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேசாமல் அந்தப் பிள்ளைக்கே கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? போட்டி என்றால்தான் சேலத்துக்காரர்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்றார்கள் மன்றத்தில். நானும் தலையாட்டினேன்.

பிள்ளை முன்வரிசையில் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தது. அம்மா பதில் சொல்லும்போதெல்லாம் கை தட்டியது.

இரண்டு அணியும் சமம். நடுவர், மெட்ராசிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி, கடைசிக் கேள்வியைப் படித்தார்.

"லவனுக்கும் குசனுக்கும் ஜனகர் என்ன முறை?"

சௌந்திரம் பட்டென்று மணியை அடித்தாள். "அப்புச்சிங்க!"

மண்டபமே கை தட்டியது. பின்னே? இந்தப் பக்கம் அப்பாவைப் பெற்றவர் அப்பாரு, அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. சீதையின் அப்பாவை வேறு எப்படிச் சொல்வது?

"அப்பு... என்னம்மா, பூச்சியா?" என்றார் அதிகாரி. கிளப்காரர்கள் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "கார்டுல தாத்தான்னு இருக்கு. நீங்க தமிழாசிரியர், சொல்லுங்க. இப்படி ஒரு வார்த்தை இருக்கா?"

இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லி வளர்ந்தவன் நான். ஆனால் அந்த மனிதர் முன்னால் நானும் ஒரு பட்டிக்காட்டானாகத் தெரிய வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், த்தூ.

"அது கொச்சைங்க சார். விடையா எடுத்துக்க முடியாது."

"ஏனுங்க வாத்தியாரே, இது அநியாயமுங்க!" என்று தறிக்கார மயில்சாமி எழுந்து கத்தினார்.

"விதி விதிதான். உட்காருங்க" என்றேன்.

கேள்வி எதிரணிக்குப் போனது. "தாத்தா" என்றார்கள். வசூல் முழுவதும் அவர்கள் மேடைக்குப் போயிற்று.

வெளியே சௌந்திரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கக்கூடாதா?

"மன்னிச்சுக்கோங்க வாத்தியாரே. நீங்க அத்தன வருசம் சொல்லிக் குடுத்தும் எனக்கு நல்ல தமிழு வரலீங்க."

"பரவாயில்ல சாமி" என்றேன். அவளை நான் மன்னித்தேன்!

மறுநாளிலிருந்து வீடு வீடாகத் துண்டேந்தினேன். தறிக்காரன் வீட்டில் என்ன இருக்கும்? பஸ் செலவுக்கும் மருந்துக்கும் சரியாகப் போயிற்று. மார்கழிக் கடைசியில் பிள்ளை போய்விட்டது.

இழவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சௌந்திரம் அதையேதான் சொல்லி அழுதாள். "ஒரு வார்த்தைங்க. ஒரே ஒரு வார்த்தைய ஒழுங்காச் சொல்லியிருந்தா எம்பட புள்ள பொழச்சிருக்குமுங்க. நாந்தான் கொன்னுபோட்டேன்." மயில்சாமி என்னை முறைத்தபோது அவள் குறுக்கே வந்தாள். "வாத்தியார ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

ஊரே கூடியிருந்தது. அவள் சொன்னது சரியான விடைதான் என்று அங்கேயாவது நான் சொல்லியிருக்கலாம். கொண்டுபோன மாலையைப் பிள்ளைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.