தம்ளர்களுக்கு ஒரு சாண் மேலே

எனக்குத் தண்ணீரைக் கண்டு பயமில்லை; தி.நகரில் இருக்கும் எங்கள் ஜவுளிக்கடைக் கல்லாவைக் கண்டுதான் பயம். முக்குளிப்பு வேலைக்கான சோதனையில் தோற்றால் மறுநாளே கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. எழுபத்து மூன்றாம் வருஷத்து விஜயதசமி அது. என்னைக் கையோடு கூட்டிப்போக அண்ணன் சண்முகசுந்தரம் அடையாறு நீச்சல்குளத்துக் கரையிலேயே குந்தியிருந்தான்.

கடலடி ஆய்வுக்கு ஆள் எடுக்கும் மெஹபூப் அலி, குளத்தின் அடியில் எவர்சில்வர் தம்ளர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். முதுகில் இரட்டைச் சிலிண்டரோடு அவற்றுக்கு ஒரு சாண் மேலே மட்டமாக நீந்த வேண்டும். ஒரு தம்ளர் சாய்ந்தாலும், பாதியில் மேலே வந்தாலும் வேலை கிடையாது. கடலில் கால் தாழ்ந்தால் சேறு கிளம்பிவிடும், பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பார்.

இறங்கியதுமே கால்கள் தொங்கின. போன வாரம் பலகை மாதிரி கிடந்தவள் நான்! பின்னால் கைவிட்டுத் தடவினேன். தோளுக்கு மேலே இருக்க வேண்டிய சிலிண்டர் கழுத்துகள் முதுகுக்கு இறங்கியிருந்தன. சிலிண்டர்களை முதுகுத் தாங்கியோடு பிணைக்கும் பட்டையை எவனோ மாற்றிக் கட்டியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் குளமே கொதித்திருக்க வேண்டும்.

கனம் சரிதான், அது இருக்கும் இடம்தான் தப்பு. ரப்பர் உடுப்பு மிதக்காமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த ஈயக்கட்டி பெல்ட்டை அவிழ்த்தேன். கை நழுவாமல் தோளுக்கு மேலாகக் கொண்டுபோய்ச் சிலிண்டர் கழுத்துகளில் சுற்றி மாட்டினேன். கால்கள் மெல்ல எழுந்தன. முழங்காலை மடக்கி, மூச்சை அளவாக விட்டபடி நகர்ந்தேன். தம்ளர்கள் என் மூக்குக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒன்றும் ஆடவில்லை. ஆடாது என்று எனக்குத் தெரியும்.

கரையேறியதும் கத்தினேன். "பட்டையில யாரு கை வச்சா?"

சிலிண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் துரைராஜ் தலையைச் சொறிந்தான். "நேத்து ஆயுத பூஜைக்கு சந்தனம், குங்குமம் வச்சேன் மேடம். பட்டை மறைச்சிக்கினு இருந்துச்சு. அதான் பட்டையக் கொஞ்சம் மேல ஏத்திக் கட்டினேன். பொட்டு தெரிய வாணாமா?"

மெஹபூப் அலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பெல்ட்டைத் தண்ணியிலயே மாத்திக்க யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்ல சார். காலு தொங்குச்சு, தலைப்பக்கம் கனத்தை வச்சேன்."

"திங்கக்கிழமை படகுக்கு வந்துடு."

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. "நீ பெல்ட்டை அவுத்தப்ப எனக்கு உசுரே போயிட்டு, ஏட்டி" என்றான். அப்புறம் என் தலையைத் துண்டால் அழுத்தித் துவட்டினான்.

"அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ படகுக்குப் போ."