நான்காவது கட்டம்

"யாரு பேர எழுதட்டும்?" என்று அன்று கஸ்தூரி கேட்டாள்.

"என் பேரத்தான். வூட்டுக்கு ஆம்பள நான்தான," என்றான் தேசிங்கு.

"நாலு கட்டம் கீது."

"நாலுலயும் எழுது மே. பின்னாடி எவ்ளோ பேர் நிக்கறாங்க பாரு."

அவள் நான்கிலும் எழுதினாள். ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்துவிட்டு, நகரத்துக்கு வெளியே முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய அடுக்குமாடியில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய நாள் அது. எல்லாப் பெண்களும் அப்படித்தான் எழுதினார்கள். எந்தப் படிவத்திலும் புருஷன் பேரை எழுதியே கை பழகியிருந்தது. நான்காவது கட்டத்தின் தலைப்பை யாரும் படிக்கவில்லை. 'படுத்திருப்பவர்' என்று இருந்தது.

அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருக்கலாம். ராத்திரித் தூக்கம் இதில் சேராது. அது எல்லோருக்கும் உண்டு. விடிந்த பிறகும் எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துக் கிடப்பதற்குத்தான் அந்தக் கட்டம்.

அங்கே முதலில் போர்டுகள் வந்தன. பள்ளிக்கூடம் என்று ஒரு போர்டு. ஆஸ்பத்திரி என்று ஒரு போர்டு. பின்னால் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் போர்டுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்துவிட்டு நான்கு மணிக்குத் திரும்பினார்கள்.

தேசிங்கு பெயிண்டர். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் மேஸ்திரி வேறு ஆளை ஏற்றிவிடுவார். ஒரு மாதம் போய்ப் பார்த்தான். பிறகு படுத்தான். எட்டு மாதம் ஆகிறது. அவன் மூச்சு பட்ட இடத்தில் சுவர் குழிந்து, முகம் அளவுக்கு வந்துவிட்டது. சாயங்காலத்தில் அந்தக் குழிக்குள்ளிருந்து, "துன்னியா மே?" என்பான். சாப்பிடாத நாளிலும், "ஆச்சு" என்பாள்.

பெண்கள் நின்றார்கள். எதிர்வீட்டு அமலோற்பவம் தண்ணீர் லாரிக்காக நின்று நின்று, ஒரு நாள் அடிபம்பாகிவிட்டாள். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தண்ணீர் நன்றாக வந்தது. அவள் புருஷன் படுத்தபடியே ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உப்பு கம்மி" என்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கஸ்தூரியின் வலது கை தானாக மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. அவளுக்கு விஷயம் புரிந்தது. உடனே படுத்தாக வேண்டும்.

அலுவலகம் வராந்தாவின் கோடியில் இருந்தது. காலையில் வராந்தா நாற்பது அடி. அவள் கிளம்பும்போது இரண்டு கிலோமீட்டர் ஆகியிருந்தது. நடுவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள்.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் நாற்காலி இல்லை.

"என்ன வேணும்?"

"படுக்கணும் மேடம்."

"அழுதியா?"

"டைம் இல்ல மேடம்."

"குடிச்சியா? யாரையாவது அடிச்சியா? வேலைக்குப் போகாம இருந்தியா?"

"நாலு வூட்ல பாத்திரம் தேய்க்கறேன்."

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்க."

"எங்க பிளாக்ல யாருமே நல்லா இல்ல மேடம்."

"அது பிளாக்குக்கே வந்திருக்கற வியாதி. அதுக்கு வேற ஜன்னல். இன்னும் வைக்கல."

கஸ்தூரியின் கை மேலே போய் வந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள். தன் கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"பேர் மாத்தலாம்," என்றாள் மெதுவாக. "அவர் எழுந்துட்டார்னா உன் பேர எழுதிக்கலாம். நீதான் வாய்விட்டுக் கேக்கணும்."

"கேட்டா எழுந்துடும் மேடம்."

"நல்லதுதானே?"

"எழுந்தவங்க யாரும் திரும்பி வரலயே."

"அது வராந்தா டிபார்ட்மென்ட்," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

கஸ்தூரி சொன்னது உண்மை. எழுந்த ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தார்கள். வராந்தா அவர்களோடு நீண்டுகொண்டே போனது. கடைசியில் பித்தான் அளவுக்குத் தெரிந்தார்கள். பிறகு தெரியவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் விளக்கு வைக்கும்வரை பார்த்துவிட்டு அரிசி களையப் போனார்கள். எட்டு மாதமாகக் கஸ்தூரி வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான். படுக்க இடம் வேண்டும். ஆனால் அவன் இல்லாமல் போன இடம் அவளுக்கு வேண்டாம்.

வீட்டுக்கு வந்து பாய் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னா ஈரம்?" என்றான் தேசிங்கு, சுவரைப் பார்த்தபடி.

"நான்தான். கைல இருந்து வருது."

அவன் குழியிலிருந்து முகத்தை எடுத்தான். சுண்ணாம்பு ஒட்டியிருந்த அந்த முகத்தை அவள் எட்டு மாதம் கழித்து முழுசாகப் பார்த்தாள்.

"ரொம்ப நாளா இப்டியா?"

"இன்னிக்குதான் தண்ணி."

"நான் எழுந்துக்கறேன். நீ படு," என்றான். ஆணியில் தொங்கிய சட்டைக்குக் கை நீட்டினான்.

வெளியே வராந்தா நீளும் சத்தம் கேட்டது. அவன் கை படுவதற்குள் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாயைப் பார்த்தாள். நாலு சாண் அகலம். அவன் இளைத்து இரண்டு சாண் ஆகியிருந்தான். பாதிப் பாய்க்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

"எழுந்துக்காதய்யா," என்றாள் கஸ்தூரி. "கொஞ்சம் நவுந்து படு. நானும் படுக்கணும்."