வெள்ளியா, பழுப்பா?

"இதா, அதா? எதை எடுத்துக்கிட்டுப் போகட்டும்?" என்று கேட்டார் ரேமண்ட்.

நான் தையல் மெஷினில் இருந்தேன். என் வாடிக்கைக்காரி ஸ்டெஃபானியின் ஜாக்கெட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். அவர் என் மேசையின் மறுபக்கம் நின்று, இரண்டு விரல் நுனிகளிலும் ஒவ்வொன்றாக எதையோ பிடித்துக் காட்டினார். வெள்ளியாக ஒன்று மினுங்கியது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது.

"ரெண்டும் ஒண்ணுதான், போங்க" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

அவர் சிரித்தார். இரண்டையும் என் ஊசிப் பஞ்சில் குத்திவிட்டு, பாகெத் ரொட்டி வாங்கிவருவதாகச் சொல்லிக் கீழே போனார். எங்கள் வீடு நான்காம் மாடி. இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தவர் எழவில்லை. மறுநாள் சனிக்கிழமை, மீன் பிடிக்க ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

முப்பத்தாறு வருஷத் திருமணத்தில் அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது. அதற்கு நான் பார்க்காமல் பதில் சொன்னேன். காரியமெல்லாம் முடிந்து, பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு, ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தால் ஊசிப் பஞ்சில் அந்த இரண்டும் என் எதிரே இருந்தன. ஊசி எடுக்கும்போதெல்லாம் விரல் அவற்றின் மேல் படும். ஒருநாள் முடிவு செய்தேன்: பதிலைத் தெரிந்துகொண்டு வந்துவிட வேண்டும்.

ரேமண்ட் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பிடித்த பைத்தியம் இந்தத் தூண்டில். புழு கோக்கிற தூண்டில் அல்ல. முள்ளில் மயிரும் இறகும் நூலும் கட்டி, அதைச் சிறு மீன் போல நீந்தவைத்துப் பெரிய மீனை ஏமாற்றுவது. பிரெஞ்சில் இதை 'மூஷ்' என்பார்கள். மூஷ் என்றால் ஈ. அவர் கட்டியதில் ஒன்றுகூட ஈ போல இருந்ததில்லை, எல்லாம் விரல் நீளக் குஞ்சு மீன்கள். முள்ளைக் கவ்வும் சிறு இரும்புப் பிடியை என் தையல் மேசையின் இடது மூலையில்தான் முடுக்கி வைத்திருந்தார். எந்தத் துணியைத் திருப்பினாலும் அதில் மாட்டும். அதற்காக நாங்கள் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை.

பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து லெ ட்ரெபோர் போகும் ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் ஒரு சின்ன நிலையம். அங்கிருந்து இருபது நிமிஷ நடையில் ஆறு, பழைய மாவு மில், அதன் சுவரடியில் ஒரு ஆழம். அந்த ஆழத்தில் ட்ரௌட் என்கிற ஆற்று மீன் ஒன்று. நாங்கள் 'த்ரூயித்' என்போம். மூன்று வருஷமாக அது அவருடைய மூஷைத் துரத்திவந்து, கரைக்கு இரண்டு முழம் இருக்கும்போது திரும்பிவிடும். நிறம்தான் தப்பு என்று அவர் புதுப்புது நிறமாகக் கட்டினார். நான் பலமுறை கூடப் போயிருக்கிறேன். கரையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பேன். எப்போதாவது தூண்டில் தடியை என் கையில் கொடுத்து வீசச் சொல்வார்.

அவருக்கு அங்கே இன்னொரு துணை இராஜதுரை, எங்கள் கட்டடத்தின் கீழே காய்கறிக் கடை வைத்திருப்பவர். யாழ்ப்பாணம், பருத்தித்துறைக்காரர். கடலில் வலை போட்டவர். ரேமண்ட் பிடித்த மீனையெல்லாம் தண்ணீரிலேயே திருப்பி விடுவதை அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

நான் போகப்போகிறேன் என்றதும் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு வீசத் தெரியுமோ?"

"கத்துக்கிறேன்."

ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள எயோல் பூங்காவின் புல்லில் மூன்று வாரம் கற்றுக்கொண்டேன். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் முடிச்சு. இராஜதுரை காகிதத் தட்டைப் புல்லில் வைத்து, அதில் போடச் சொல்வார். முதல் நாள் அவர் தொப்பியில் விழுந்தது. "நான் பெரிய மீன்தான் அக்கா, ஆனால் சாப்பிட ருசியில்லை" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மூன்றாம் வாரம் பத்தில் ஏழு தட்டில் விழுந்தது.

ஜூன் முதல் சனிக்கிழமை, அன்றைக்கு மட்டும் செல்லும் மீன்பிடி அனுமதி எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். கடையை அவர் மனைவி சுஜானி பார்த்துக்கொண்டாள். மழை இல்லாததால் ஆறு வற்றி, கண்ணாடியாக இருந்தது. மில் சுவர் அப்படியே நின்றது.

"வெள்ளியைப் போடுங்கோ" என்றார் இராஜதுரை. "மினுங்கினால்தான் மீனுக்குக் கண் தெரியும்."

வெள்ளி நான் அறிந்ததுதான். ஜாக்கெட் ஓரங்களில் மிச்சமாகும் ஜரிகையை உருவிக் கட்டியது. கடலிலிருந்து புதிதாக ஏறிவரும் சால்மனுக்கு அது நல்லது என்பார் ரேமண்ட். அதையே கட்டினேன். சுவரோரம் விழுந்தது. அவர் செய்வதுபோலவே விறுவிறுவென்று இழுத்தேன்.

சுவரின் நிழல் நகர்ந்தது. நிழல் அல்ல, மீன். ஒரு முழத்தைவிட நீளம். வெள்ளியின் பின்னால் அவசரமே இல்லாமல் வந்தது. இரண்டு முழம் இருக்கையில் திரும்பிப் போனது.

"சீ! உது அண்ணையையும் இப்பிடித்தான் ஏமாத்தினது" என்று இராஜதுரை காலால் மண்ணை உதைத்தார். "திருப்பிப் போடுங்கோ."

"இரு தம்பி."

தடியைப் புல்லில் வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் ஆழத்தில் இறங்கினேன். ஒரு துணியைப் பார்க்காமல் அதற்கு நூல் எடுக்க மாட்டேன். இந்த மீன் தினமும் எதைத் தின்கிறது என்று பார்க்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

"என்ன அக்கா, மீனோடை கதைக்கப் போறியளோ?"

ஒரு கல்லைப் புரட்டினேன். அடியிலிருந்து ஒரு குஞ்சு மீன் ஓடியது. தலை பெரிது, உடல் சூம்பல், கல்லின் நிறத்தில் பழுப்பு. மினுக்கம் துளியும் இல்லை. ஒரு சாண் ஓடி நின்றது. மறுபடி ஒரு சாண். நின்றது. இன்னொரு கல்லைப் புரட்டினேன். அதற்கடியில் இருந்ததும் அப்படியே. ஓட்டுத் தையல் போடும்போது ஊசி போகிற போக்கு. உள்ளே போய், நின்று, வெளியே வரும்.

கரையேறி, சட்டையில் குத்தியிருந்த பழுப்பு மூஷை எடுத்தேன். அவர் காட்டியபோது நான் பார்க்காதது. இரண்டு மாதமாக என் எதிரே இருந்தும் உற்றுப் பார்க்கத் துணியாதது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பெரிய தலை, சூம்பிய உடல், முதுகில் பட்டை பட்டையாகக் கறுப்பு. நான் இப்போது கல்லடியில் கண்ட அதே மீன். அவரும் ஏதோ ஒரு நாள் கல்லைப் புரட்டியிருக்கிறார்.

அந்த மயிரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று விரலால் தடவினேன். என் பழுப்புக் குளிர்கோட்டின் மயிர்க் கழுத்து! இரண்டு குளிர்காலமாக அந்தக் கழுத்தில் ஒரு சொட்டை. அந்துப்பூச்சி அரித்ததென்று அலமாரி முழுக்க லவாந்துப் பூப் பொட்டலம் வைத்திருந்தேன். அவரும் என்கூட நின்று பூச்சியைத் திட்டினார்.

நான் சிரித்த சிரிப்பில் இராஜதுரை பயந்துவிட்டார். "அக்கா? சுகமோ?"

"திருட்டு மனுஷன்" என்றேன். "இதைத்தான் போடணும்."

சுவரோரம் வீசினேன். இழுக்கவில்லை. முழுக்க அடியில் இறங்கும்வரை விட்டேன்.

"இழுங்கோ, இழுங்கோ! கல்லிலை மாட்டப் போகுது!"

"பேசாம இரு."

ஒரு சாண் இழுத்து நிறுத்தினேன். ஒரு சாண். நிறுத்தினேன். முப்பது வருஷம் துணியில் போட்ட தையலைத் தண்ணீரில் போட்டேன். நிழல் சுவரைவிட்டுப் பிரிந்தது. பின்னாலேயே வந்தது. எனக்குக் கை பரபரத்தது. ரேமண்டாக இருந்தால் இந்த நேரம் வேகமாக இழுத்திருப்பார். நான் நிறுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

கயிறு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது.

"குடுங்கோ! நூலைக் குடுங்கோ! விடாதேங்கோ! இல்லை, விடுங்கோ!" இராஜதுரை கரையில் குதித்தார். மீன் மில் சுவரோரமாக ஓடியது, மேலே எகிறியது, என் காலடிக்கே வந்து மறுபடி ஓடியது. அறுந்துபோகும் நூல் எது, தாங்கும் நூல் எது என்று என் விரலுக்குத் தெரியும். அது இழுத்தபோது விட்டேன், ஓய்ந்தபோது சுற்றினேன். கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து, இராஜதுரை நீட்டிய கைவலைக்குள் வந்தது. விலாவில் செம்புள்ளிகள். வாயோரத்தில் என் கோட்டின் கழுத்து.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து வைத்தேன். ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர்.

"ஓம், ஓம், ஐம்பத்து நாலு!" என்று இராஜதுரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகளுக்குக் கேட்கக் கத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. "மூண்டு வருசம், அண்ணை!"

நான் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றினேன். மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உதை விடப் போறியளோ? சுஜானி காலமையே புளி கரைச்சு வைச்சவள்!"

"அவர் கேட்டது எதைப் போடட்டும்னுதான். மீன் வேணும்னு கேக்கல."

கை விரித்தேன். ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு சுவரடிக்குப் போய்விட்டது.

திரும்பும் ரயிலில் இராஜதுரை கதவருகே நின்று, எங்கள் பேட்டையான லா ஷப்பலில் தமக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் போன் செய்தார். பாரிஸ் நெருங்குவதற்குள் மீன் எழுபது சென்டிமீட்டர் ஆகியிருந்தது. நான் திருத்தவில்லை. என் அளவு நோட்டில் ஸ்டெஃபானியின் ஜாக்கெட் அளவுகளுக்குக் கீழே எழுதினேன்: ரேமண்ட், பழுப்பு, 54.

வீட்டுக்கு வந்து இரண்டு மூஷையும் ஊசிப் பஞ்சில் குத்தினேன். பழுப்பு முன்னால், வெள்ளி பின்னால். திங்கட்கிழமை காலை ஒரு பட்டு ஜாக்கெட்டைத் திருப்பியபோது, மேசையின் இடது மூலையில் முடுக்கியிருந்த இரும்புப் பிடியில் அதன் கை மாட்டிக்கொண்டது.