மாமி இல்லாத கொத்து

அண்டவெளியை அளக்கிற பெண்ணுக்கு ஒரு மாமியின் மனதை அளக்கத் தெரியவில்லை, பாவம்! கம்சாயினி மடிக்கணினியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

விண்மீன் திரள்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். பக்கத்தில் தெரிவதெல்லாம் ஒரே கொத்தாகிவிடாது. ஒவ்வொன்றின் ஒளியும் சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் தூரம் பிடிபடும். அப்படி அளந்து பிரபஞ்சத்துக்கு வரைபடம் போடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

ஒரு கொத்துக்கு விளையாட்டாக 'எங்கட குடி' என்று பெயர் வைத்தாள். நடுவில் பளிச்சென்று நின்ற திரளுக்கு அன்னப்பூரணி என்று பெயர். அன்னப்பூரணி அவளுடைய தாய்மாமனின் மனைவி, அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் சதீசனின் தாய். மாமியின் மனம் குளிரட்டுமே என்று செய்த வேலை. மாமியும் அமிர்தகழிக் கோயில் திருவிழாவில் கண்டவரிடமெல்லாம் பெருமையடித்தார். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்றைக்கு இன்னொரு இடி. ஒரேயொரு ஒளிக்கோட்டை நம்பி அந்தத் திரளுக்குத் தூரம் போட்டிருந்தாள். ஒட்சிசனின் கோடு என்று நினைத்தது ஐதரசனின் கோடு! மற்றக் கோடுகளையும் தேடிப் பார்த்தால், அது கொத்திலேயே இல்லை. நமக்குக் கிட்ட, தனியாக நிற்கிற சின்னத் திரள்.

விட்டுவைத்தால் வரைபடம் பொய். எடுத்தால் கல்யாணம் கோவிந்தா.

"பேசாம விடு, ஒரு புள்ளிதானே. ஆர் பாக்கப்போறா?" என்றான் சதீசன் தொலைபேசியில்.

"நான் பாப்பன்!" என்று வெட்டினாள். புள்ளியைச் சரியான தூரத்துக்கு நகர்த்திவிட்டு, மாமி வீட்டுக்குப் போனாள்.

மாமி இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, கோவிக்காதீங்க. நான் பிழையா அளந்திட்டன். நீங்க எங்கட குடியில இல்ல."

மாமியின் கை நின்றது. "மெய்யாத்தான் சொல்லுறியாகா?"

"ஓம், மாமி."

"அப்பாடா!" மாமி இறால் சட்டியையே தள்ளிவைத்தார். "கோயில்ல பக்கத்து வீட்டுக் கண்ணகை என்ன கேட்டாள் தெரியுமா? நீயும் மருமகள்ட குடியெண்டா உன்ட மகன் அவளுக்கு அண்ணனெல்லோ, எப்பிடிக் கட்டிக்குடுப்பாய் எண்டு. எல்லாரும் சிரிச்சாளுகள். பகிடிதான், எண்டாலும் எனக்குச் சகுனம் பிழையாப் பட்டிச்சு."

கம்சாயினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். தாய்வழியில் வருவது குடி, ஒரே குடிக்குள் கட்டக்கூடாது. ஊரில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்தது இது. இவளுக்குத்தான் உறைக்கவில்லை.

"மறுகா என்ன? கொம்மாவ மாப்பிள்ளை கேட்டு வரச் சொல்லு," என்ற மாமி சட்டென்று முகத்தைச் சுளித்தார். "அதுசரி, என்னை அழிச்சுப்போட்டியா?"

"இல்ல மாமி, கிட்டக் கொண்டுவந்து வச்சிரிக்கன்."

"அங்கயே கிடக்கட்டும். உன்னை ஒரு கண் பாத்துக்கொள்ள அதுதான் வசதி."