ஒரு முனை விட்ட சைலன்சர்

காட்டூர் செபஸ்தியான் ஆறு வருடமாக ஓர் ஆள் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இறக்கை முடிந்தது, வால் முடிந்தது, சைலன்சர்தான் உயிரை வாங்கியது. விமானத்தில் பூட்டியது, விபத்தில் நொறுங்கிய ஜப்பான் காரிலிருந்து கழற்றிய ரோட்டரி இன்ஜின். அதில் பிஸ்டன் ஏறி இறங்காது. முக்கோணம் ஒன்று உள்ளே சுற்றும். எடை குறைவுதான். ஆனால் அது கக்கும் புகையின் சூடு எந்தத் தகட்டையும் தின்றுவிடும்.

ஹபீபுல்லாவின் பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி சைலன்சர் பத்தே நிமிஷத்தில் வெடித்தது. எவர்சில்வர் தகட்டில் செய்தது அரை மணியில் டமாரென்று பிளந்தது. இரண்டு தடவையும் பக்கத்து வீட்டு வீரம்மாளின் எருமை மிரண்டு பாலை அடக்கிக்கொண்டது. விமானம் நிற்கும் ஷெட்டோ வீரம்மாளின் இடம்.

"இன்னொரு தடவ என் மாடு பால அடக்குச்சுன்னா ஷெட்டக் காலி பண்ணிடு தம்பி. ஏரோப்பிளேன உன் வீட்டுக்குள்ள நிறுத்திக்க."

அந்த வீட்டில் நாலு பேர் காலை நீட்டிப் படுக்கவே இடமில்லை. இறக்கையை அறுத்துப்போட வேண்டியதுதான்.

அவர் பாய்லர் தொழிற்சாலையில் வெல்டர். சூட்டுக்கு அசராத பாய்லர் குழாயை ஸ்கிராப் ஏலத்தில் எடுத்து மூன்றாவதைச் செய்தார். ஓட்டை போட்ட குழாய் உள்ளே, கனத்த உறை வெளியே. உள்குழாயின் இரண்டு முனையையும் உறையோடு சுற்றிப் பற்றவைத்தார். தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு கசியாது. வெல்டரின் மானமே அதில்தானே இருக்கிறது! எருமை மேய்ச்சலுக்குப் போன நேரம் பார்த்து இன்ஜினை ஓட்டினார். இருபது நிமிஷத்தில், பற்றவைத்த இடத்தை ஒட்டியே விரிசல்.

"இதவிட நல்ல இரும்புக்கு நான் எங்க போவேன்?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

காப்பி கொண்டுவந்த மனைவி பாக்கியமேரி விரிசலைக் குனிந்து பார்த்தாள். "ஏங்க, பாய்லர மேலேருந்து தொங்கவிட்டு அடிப்பக்கத்தச் சும்மா விட்டுருவோம், சூட்டுல சாண் கணக்குல நீளும்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றீங்க. இது மட்டும் நீளாதா? ரெண்டு பக்கமும் பூட்டி வச்சிருக்கீங்களே?"

அவருக்குச் சுருக்கென்றது. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கிறது. நான்காவதில் உள்குழாயின் ஒரு முனையை மட்டும் பற்றவைத்தார். மறுமுனை ஒரு வளையத்துக்குள் வழுக்கி நீளும்படி விட்டார். தண்ணீர் ஊற்றினால் கசியத்தான் செய்யும், கசியட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் வீரம்மாளிடம் சொல்லிவிட்டே இன்ஜினைக் கிளப்பினார். சைலன்சர் பழுக்கக் காய்ந்தது. வெடிக்கவில்லை, அதிரவில்லை. ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, டார்ச் அடித்துத் தேடினார். மயிரிழை விரிசல் கூட இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதிப் பாலோடு செம்பைத் தூக்கிக்கொண்டு வீரம்மாள் விடுவிடுவென்று வந்தாள். செபஸ்தியான் டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"யாரு உன்ன நிறுத்தச் சொன்னா? ஒரே சீரா சத்தம் வந்துச்சு, மாடும் அசைபோட்டுக்கிட்டே பால விட்டுச்சு. நீ நிறுத்துன, அதுவும் நிறுத்திருச்சு. கிளப்பு தம்பி!"

செபஸ்தியான் ஓடிப்போய் சாவியைத் திருப்பினார்.