இனி பெரியம்மா என்று கூப்பிடு

செசீலியா பேரையே போடு என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அதற்குப் போய் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சோறு இறங்காமல் கிடப்பானேன், வளர்த்தவள் அவள்தானே, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள், காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்தவள் அவள், நான் யார், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிஸ்கட் பெட்டியோடு போய் நிற்கிற பெரியம்மா... பஸ் நோட்டன் பிரிட்ஜைத் தாண்டி வளைவில் திரும்புகிறது, கொண்டக்டர் எல்லோரையும் முன்னால் போகச் சொல்லிச் சிங்களத்தில் விரட்டுகிறான், இன்னும் நான்கு பேருக்கு இடமிருக்கிறதாம், அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடம். எனக்கு ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. கினிகத்தேனையில் இறங்கிக் கண்டி பஸ் பிடிக்க வேண்டும், கிளினிக் மூடுவதற்குள் மருந்து எடுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால், பத்து மணிக்குள், ஜெரோமிக்குப் பதில் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு அவள் நானுஓயாவில் ஃபாதரைப் பார்க்கப் போகிறாள். வருகிற ஞாயிறு பூசையில் முதல் ஓலை. இன்னாருடைய மகள் இன்னாரை விவாகம் செய்யப் போகிறாள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள். அந்த முதல் இன்னார் யார் என்பதுதான் கேள்வி. “பெரியம்மா, ஃபாரத்துல தாயார் பேருன்னு ஒண்ணு இருக்கு. வளத்தவங்க பேரயும் போடலாமாம், ஃபாதர் சொன்னாரு. நீங்க சொல்றதத்தான் போடுவேன்” என்றாள் போன ஞாயிறு. ஞானஸ்நானப் புத்தகத்தில் பெற்றீசியா என்று என் பேர்தான் இருக்கிறது, பெற்ற வயிறு என்னுடையது, அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பெற்ற பிள்ளைக்குத் தாய் யார் என்று சொல்ல யோசிக்கிறவள் இந்த மலைநாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்லாம் அந்த டாக்டர் நோனா, கண்டிச் சிங்களத்து அம்மா, நல்லபடியாகப் பேசியதால் வந்தது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், என் வீட்டுக்காரர் பத்திநாதன், கொழும்பு லொறியில் ஓடினவர், வற்றி வற்றிக் குச்சியாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதல் மூன்று வாரமும் எல்லாரும் அவரைத் திட்டினார்கள், மருந்துக் குளிசை குடிக்கவில்லை என்று திட்டு, கட்டிலை நனைத்துவிட்டார் என்று திட்டு, எங்களுக்கு அது பழக்கம், தோட்டத்து டிஸ்பென்சரியில் திட்டு வாங்காமல் ஒரு பனடோல் வாங்கினவர் உண்டா. நான்காம் வாரம் திடீரென்று எல்லாரும் தங்கமாகிவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள், நல்லாகிவிடும் என்றார்கள். ஐந்தாம் நாள் சவப்பெட்டி அடித்தோம். அதனால்தான் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்வது, திட்டுகிற டாக்டர் பிழைக்க வைப்பார், சிரிக்கிற டாக்டர் பெட்டிக்குச் சொல்லுவார் என்று. பிறகு என்னைக் கண்டிக்குக் கூப்பிட்டு இரத்தம் எடுத்து, உனக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொன்ன அந்த டாக்டர் நோனா, என்னைக் கதிரையில் உட்கார வைத்தார், கையைப் பிடித்தார், டீ கொண்டுவரச் சொன்னார். ஒரு தொழிலாளப் பொம்பிளைக்கு டாக்டர் டீ. புது மருந்து வந்திருக்கிறது, ஒழுங்காகக் குடித்தால் பேரப்பிள்ளையையும் பார்ப்பாய் என்று சொன்னதை அட்டெண்டன் தமிழில் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். என் மனதுக்குள் என்ன ஓடியது தெரியுமா, முடிந்தது, இவ்வளவு அன்பாகப் பேசுகிறார்கள் என்றால் ஆறு மாதம்கூட இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த நோனா என்னைத் திட்டியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

ஆறு மாதத்தில் சாகப் போகிறவள் என்ன செய்வாள், பிள்ளைக்கு ஒரு வழி செய்வாள். ஜெரோமிக்கு அப்போது ஆறு வயது, அவள் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. தங்கச்சி செசீலியாவுக்குப் பிள்ளையில்லை, புருஷன் ரயில்வேயில், நானுஓயாவில் குவாட்டர்ஸ், இதைவிட என்ன வேண்டும். அட்டனில் ரயில் ஏறினோம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். “இனிமே என்னைய பெரியம்மான்னு கூப்பிடணும். சித்தியத்தான் அம்மான்னு கூப்பிடணும். சரியா?” ஏன் என்று கேட்டாள். பழகிக்கொள் என்றேன். நான் போன பிறகு அம்மா அம்மா என்று காற்றைக் கூப்பிட்டு அழக் கூடாது, கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஓர் ஆள் வேண்டும், அதுதான் என் கணக்கு, கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். சரியாகச் சொன்னால் ஒரு டொபி, பிழைவிட்டால் இல்லை. நான் யார்? அம்... பெரியம்மா. இன்னொரு தடவை. நான் யார்? பெரியம்மா. ரயில் தலவாக்கலையைத் தாண்டுவதற்குள் பிழையே விடாமல் சொன்னாள், டொபியும் முடிந்துபோனது. பாவி, நான் பாவி, கைதட்டினேன்.

பிறகு நான் சாகவில்லை. சாவுக்கு எல்லாம் ஆயத்தம், வெள்ளைச் சேலைகூட எடுத்து வைத்தாயிற்று, சாவுதான் வரவில்லை. ஆறு மாதம் போனது, வருஷம் போனது, எடை கூடியது, விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனேன், கொழுந்து எடுத்தேன், மற்றவளைவிட இரண்டு கிலோ கூட எடுத்தேன். கைநிறையக் குடித்த குளிசை இப்போது நாளைக்கு ஒன்று. கண்டிக்குப் போவதற்கு லயத்தில் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே, சீனி வியாதி என்றேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற காளியாயி அன்றிலிருந்து எனக்குச் சீனியில்லாமல்தான் டீ தருகிறாள், கலியாண வீட்டில் கேசரியைக்கூடத் தட்டிலிருந்து பிடுங்கிவிடுவாள், என்மேல் அவ்வளவு பாசம். “சீனிக்காரிகள்ல நீதாண்டி கல்லு மாதிரி இருக்க” என்கிறாள். ஒரு பொய்க்குப் பத்தொன்பது வருஷம் கசந்த டீ, பரவாயில்லை, அதைக் குடித்துவிடலாம். பெரியம்மா வந்திருக்காங்க என்று அந்தப் பிள்ளை உள்ளே திரும்பிச் சொல்வாளே, அதைத்தான் ஒவ்வொரு தடவையும் விழுங்க முடியவில்லை. ஆனால் விழுங்கினேன்.

கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்டால், யார் கேட்கிறார்கள், நான்தான் கேட்கிறேன், கேட்டால் என்னிடம் பதில் மூட்டையாக இருக்கிறது. முதலில், மருந்து எப்போது கைவிடுமோ என்ற பயம். பிறகு செசீலியாவின் முகம், பிள்ளையைத் தா என்று எந்த வாயால் கேட்பது. பிறகு நல்ல பள்ளிக்கூடம். பிறகு லயத்து வாய்கள், பத்திநாதன் எதனால் செத்தார் என்று யாராவது கிளப்பினால் பிள்ளையோடு ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்க விடுவார்களா. இப்போது மாப்பிள்ளை ரொஷான் வீட்டார். நல்ல குடும்பம் என்கிறார்கள், நல்ல குடும்பம் என்றால் விசாரிக்கிற குடும்பம். பெற்றீசியாவின் மகள் என்று ஓலையில் வாசித்தால், யார் அந்தப் பெற்றீசியா, ஏன் பிள்ளையைக் கொடுத்தாள், புருஷனுக்கு என்ன வியாதி என்று ஒவ்வொன்றாகக் கிளறுவார்கள், கலியாணம் நின்றுபோகும். வேண்டாம். செசீலியா பேர்தான். என் பேரை அந்தக் கோயிலில் ஒரு தடவை கேட்க எனக்கு ஆசைதான், பேராசை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளை வாழ வேண்டும்.

போன் அடிக்கிறது. ஜெரோமிதான். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா தூங்குகிறாள், நல்லதாய்ப் போனது.

“சித்தி பேரையே போட்டுரும்மா” என்றேன், தண்ணீர் குடிப்பதுபோல ஒரே மடக்கில். ரொஷான் வீட்டில் விசாரிப்பார்கள், வியாதி விஷயம் வெளியே வரும், உனக்காகத்தான் என்று நானே பேசிக்கொண்டு போனேன்.

“ரொஷானுக்குத் தெரியும். அவங்க அம்மாவுக்கும் தெரியும். ரெண்டு வருசமாச்சு சொல்லி.” குரலில் கோபம் இல்லை. “அவங்க ஒண்ணும் சொல்லல. நான் வியாதியப் பத்திக் கேக்கல பெரியம்மா.”

“அப்ப எதுக்குமா கேட்ட?”

“எம் பேரப் போடுன்னு நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்.” பஸ் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்தினேன். “ரத்தத்துல கிருமி தெரியலன்னு டாக்டர் சொன்னதா இங்க அம்மாகிட்ட சொன்னீங்கல்ல, நான் ஓ லெவல் பரீச்ச எழுதின வருசம். அந்தக் கிறிஸ்மஸுக்கு வந்தீங்க. கூட்டிட்டுப் போகத்தான் வர்றீங்கன்னு நெனச்சு பேக்கெல்லாம் அடுக்கி வச்சிருந்தேன். அம்மாவுக்கும் தெரியும், அழுதாங்க, ஆனா போயிட்டு வான்னு சொன்னாங்க.” பிறகு, “சரி, பரவால்ல. அம்மா பேரையே போட்டுர்றேன். பாத்துப் போங்க” என்றாள், வைத்துவிட்டாள்.

பேக்... எந்த பேக்... கிறிஸ்மஸுக்கு மறுநாள் போனேன், அது நினைவிருக்கிறது, ரயில் பிந்தியது, மழை, நனைந்துபோய் உள்ளே நுழைந்தேன், செசீலியா கண் சிவந்து நின்றாள், தடிமன் என்றாள், நானும் கொத்தமல்லி அவித்துக் குடி என்று வைத்தியம் சொன்னேன், கேக் கொண்டுவந்து வைத்தாள், மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அவசரம் அவசரமாகத் தின்றேன், பிள்ளை புதுச் சட்டை போட்டுத் தலைசீவி காலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள், எங்கே புறப்பட்டிருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லையே நான், கிறிஸ்மஸ்தானே என்று நினைத்தேன், புறப்படும்போது ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள், டிக்கட் எடுக்கும்போது எத்தனை என்று கேட்டார்கள், ஒன்று என்றேன், அவள் பக்கத்தில்தான் நின்றாள். அதற்கு முன்னால், ஆம், உட்காரப் போனபோது, கதிரைக்கு முன்னால் ஒரு நீலப் பை, ஜிப் பூட்ட முடியாமல் பிதுங்கிக்கொண்டு, டியூஷன் பையாக இருக்கும் என்று நினைத்தேன். வியாதி வந்து வழியை மறித்தது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கு எனக்கு என்ன வியாதி, காய்ச்சல்கூட இல்லை, யார் மறித்தார்கள், ஒருவரும் இல்லை. கினிகத்தேனை, கினிகத்தேனை என்று கொண்டக்டர் கத்துகிறான், எல்லாரும் எழும்புகிறார்கள், ஒன்பதேகால்தான் ஆகிறது, பத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது, போன் கையில்தான் இருக்கிறது, திரும்ப அவளுக்கு அடித்தால் என்ன சொல்லித் தொடங்குவேன், அந்தப் பையைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.